கேலி முறைக்காரர்கள்

திரைப்பட விழா வாரம் வந்தால் எனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். ஒன்றுவிட்டு ஒரு வருஷம், வெயில் ஏறத் தொடங்கும் பிப்ரவரிக் கடைசியில், தவறாமல் படுத்துவிடுவேன். எங்கள் தலைமை ஆசிரியருக்கும் இது தெரியும். "மேடம் பாத்தியோனோவுக்கு இந்தத் தடவை என்ன வியாதி?" என்று அவராகவே கேட்டார். போன விழாவுக்கு மலேரியா, அதற்கு முந்தைய விழாவுக்கு இடுப்புவலி என்று சொல்லியாகிவிட்டதால், தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது என்றேன். அதைக் கணீரென்று சொல்லித் தொலைத்துவிட்டேன். தொண்ணூறு பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் இருபது வருஷமாகப் பூகோளம் நடத்தும் தொண்டை வேறு எப்படி இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

கழுத்தில் விழா அட்டையை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் புழுதியைக் கிழித்துக்கொண்டு, ஒரு அரங்கிலிருந்து இன்னொரு அரங்குக்கு ஓடுவதுதான் எங்கள் தலைநகர் வாகடூகுவில் அந்த வாரம் முழுக்க எங்கள் வேலை. காலையில் பார்த்த படத்தில் ஒருவன் தொலைந்துபோன ஒட்டகத்தைத் தேடினான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, படம் முடியும்வரை தேடினான். பக்கத்திலிருந்தவர் பொறுக்க முடியாமல், "அந்தப் பாறைக்குப் பின்னாடி பாருப்பா, அங்க மட்டும்தான் நீ பாக்கல" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். பின்வரிசையில் ஒரு அம்மாள், "அது போகட்டும், முதல்ல தண்ணியக் குடி, உதடு வெடிச்சுப்போச்சு" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர்கள் திரும்பித் திரும்பி உஷ் என்றார்கள். அவர்கள் தேவாலயத்தில் உட்காருவது போல உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள். எங்களுக்கு அது வராது. படத்தில் இருக்கிறவன் தனியாகக் கஷ்டப்படும்போது ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது என்ன மரியாதை?

ஒட்டகம் கிடைக்கவில்லை. ஆனாலும் படம் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் நான்கு மணி ஆட்டம் இசாக்காவின் படம். இசாக்கா பான்சே எங்கள் வளவில் போன வருஷம் குடிவந்தவன். அவன் பிஸா, நான் குருன்ஸி. இரண்டு ஜனத்துக்கும் கேலி முறை. யார் எப்போது ஆரம்பித்தார்களோ தெரியாது, பார்த்த இடத்தில் வைதுகொள்ள வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நிலக்கடலையைக் கண்டால் பிஸாக்காரன் பெற்ற தாயையும் மறந்துவிடுவான் என்போம் நாங்கள். குருன்ஸி வீட்டுக்குள் போன நாய் தலையோடு திரும்பி வராது என்பார்கள் அவர்கள்; நாங்கள் நாய்த்தலை தின்கிறவர்களாம். குடிவந்த அன்றே இசாக்கா என் வாசலில் வந்து நின்று, "என் அடிமைதான் பக்கத்து வீடுன்னு சொன்னாங்க, அதான் வாடகை அதிகம்னாலும் வந்தேன்" என்றான். "வாடா கடலை, இங்க நாய் ஏதும் இல்ல, பயப்படாம வா" என்றேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா.

அரங்கத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவனைப் பார்த்தபோது ஆள் வெளிறிப்போயிருந்தான். கையில் வாங்கிய செம்பருத்திச் சாறு அப்படியே இருந்தது.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அண்ணன் வந்திருக்காருக்கா. பெகெதோவிலேருந்து பஸ் ஏறி வந்துட்டார்."

"வரட்டுமே. தம்பி படம் எடுத்தா அண்ணன் பாக்க வேண்டாமா?"

"படமே அவரைப் பத்தித்தான்."

அது எனக்கும் தெரிந்ததுதான். பெகெதோவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை இத்தாலியில் தக்காளி பறிக்கப் போயிருக்கும். அங்கிருந்து வரும் போனுக்காகக் காத்திருக்கிற அப்பா அம்மாக்களைப் படம் எடுக்கப் போனான் இசாக்கா. சொந்த அண்ணன் மூமுனி வீட்டிலிருந்தே ஆரம்பித்தான். எடுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மகன் இத்தாலியில் செத்துப்போனான். உடல் ஊருக்கு வரவில்லை, அங்கேயே புதைத்துவிட்டார்கள். இதையெல்லாம் இசாக்கா ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

"செய்தி வந்த அன்னைக்கு கேமரா ஸ்டாண்டுல ஓடிக்கிட்டிருந்தது" என்றான் இப்போது. "நான் நிறுத்தல. அண்ணன் சும்மா உக்காந்திருப்பார், ரொம்ப நேரம். அதைப் படத்துல வெச்சிருக்கேன். அவர்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"வேண்டாம்னு சொல்லிடுவார்னு பயம். பிரசெல்ஸ்ல படத்தை வெட்டி ஒட்டின அம்மா, படத்தோட உயிரே இதுதான்னாங்க. அங்க ரெண்டு தடவை போட்டோம். அந்த இடத்துல மூக்குறிஞ்சற சத்தம் மட்டும்தான் கேக்கும்." சாற்றை மரத்தடியில் கொட்டினான். "அண்ணன் போன்ல ஒண்ணுதான் சொன்னார். வந்து பாக்கறேன், என்னைத் தலைகுனிய வெச்சிருந்தா பாதியில எழுந்து போயிடுவேன், அதுக்கப்புறம் எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாதுன்னார். சொன்னா செய்யற ஆளு. அப்பா போனப்புறம் என்னை வளத்தவர்க்கா."

நான் அவன் முதுகைத் தட்டினேன். "நான் வேணா பக்கத்துல உக்காந்து பாத்துக்கவா?"

"ஐயோ, நீ கிட்டயே போகாதே. உன் வாய் எனக்குத் தெரியும். இப்ப அவர் சிரிக்கற ஆளு இல்ல. பையன் போனப்ப ஊர்லகூட அந்தப் பக்கம் வேலை பாக்கற உங்க குருன்ஸிக்காரங்ககிட்ட, அண்ணன்கிட்ட விளையாடாதீங்க, சும்மா விடுங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"சரிடா. வாயைத் தைச்சுக்கறேன்."

உண்மையாகத்தான் சொன்னேன். அண்ணனுக்கு இரண்டு வரிசை பின்னால், நடைபாதை ஓரத்தில் இடம் பிடித்தேன். மூமுனி வெள்ளை அங்கியும் தொப்பியுமாக, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இசாக்காவுக்கு அங்கே போய் உட்காரத் துணிச்சல் வரவில்லை. முன்வரிசை மூலையில் போய் ஒண்டிக்கொண்டான். அரங்கம் நிறைந்துவிட்டது. படிகளில்கூட ஆட்கள்.

படம் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தது என்பதற்காகச் சொல்லவில்லை. போன் மணி அடித்தால் ஒரு தெருவே வாசலுக்கு வரும் ஊர், யாருக்கு என்று தெரிந்ததும் மற்றவர்கள் உள்ளே போகும் விதம், ஒரு கிழவர் போனைத் துணியில் சுற்றிக் கூரையின் உச்சியில் கட்டிவைப்பது, அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். ஜனங்கள் சிரித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், "அடப்பாவமே" என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வாசலில் மூமுனி தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு மூட்டை நிலக்கடலை.

அவர் ஒரு கடலையை எடுத்தார். விரலால் நசுக்கி உடைத்தார். பருப்பைக் கிண்ணத்தில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். கேமரா அசையவில்லை. பேச்சில்லை. அவர் உடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பிஸாக்காரர், ஒரு மூட்டை நிலக்கடலை, இந்த ஊர் அரங்கம், எதிரே ஒரு குருன்ஸி. இசாக்கா எனக்கு 'சும்மா உட்கார்ந்திருப்பார்' என்றுதான் சொல்லியிருந்தான். கடலையைப் பற்றிச் சொல்லவே இல்லை. பிரசெல்ஸில் உட்கார்ந்து வெட்டியபோது அவனுக்கே அது கடலையாகத் தெரியவில்லை போலிருக்கிறது. என் புத்தி விழிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஐயா, விதைக்கவாவது கொஞ்சம் மிச்சம் வைங்க."

தொண்ணூறு பிள்ளைகளுக்குப் பழகிய தொண்டை. கடைசி வரிசைவரை கேட்டது.

அரங்கம் வெடித்தது. அத்தனை பேரும் அதற்காகவே காத்திருந்தது போல. மேலேயிருந்து ஒருவன், "பாத்து, விரலையும் சேத்து வாயில போட்டுக்கப் போறார்" என்றான். "மூட்டை தீர்ற வரைக்கும் படம் ஓடும், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள் இன்னொருத்தி. பிஸாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "நாய்த்தலைக்காரங்க எல்லாம் வெளியில போங்க, தெருவுல ஒண்ணு குரைக்குது" என்று இடதுபக்கத்திலிருந்து பதில் வந்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். வெளிநாட்டு விருந்தினர்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

அப்போது திரையில் இசாக்காவின் குரல் வந்தது.

'காலையில் போன் வந்தது. அண்ணன் மகன் வேலை செய்த தோட்டத்திலேயே விழுந்து இறந்துவிட்டான் என்றார்கள். அண்ணன் போனை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.'

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் முதலில் அடங்கி, பின்னால் போய், கடைசியில் மேலே யாரோ ஒருவன் மட்டும் சிரித்து, அவனும் நின்றான். திரையில் அந்த விரல்கள் உடைத்துக்கொண்டே இருந்தன. ஒரு பருப்பைக்கூட அவர் வாயில் போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு வரிசைக்கு முன்னால் மூமுனி எழுந்தார்.

திரை வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. திரையில் இருந்தவரும் கீழே நின்றவரும் ஒரே ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. முன்வரிசையில் இசாக்காவும் எழுந்து நின்றான். அண்ணனிடம் வர ஒரு அடி வைத்தவன், அங்கேயே நின்றுவிட்டான். தம்பி என்கிற உறவு இந்த நிமிஷத்தோடு அறுந்தது என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அதை அறுத்தது நான்.

மூமுனி கதவுப் பக்கம் போகவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு முதல்ல கத்தினது?"

எந்த மடையனோ விளக்கைப் போட்டுவிட்டான், படமும் நின்றுபோனது. நான் எழுந்தேன்.

"நான்தாங்க. தெரியாமக் கத்திட்டேன். பெரிய தப்பு, மன்னிச்சு..."

"யாரும்மா நீங்க?"

"பாத்தியோனோ. கொலெத் பாத்தியோனோ. ரேயோ பக்கம்."

"குருன்ஸியா?"

"ஆமாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குருன்ஸி என்கிட்ட மன்னிப்புக் கேக்கறதா? எங்கப்பா கேட்டா குழியிலேருந்து எழுந்து வருவார். வாயை மூடு."

மூடிக்கொண்டேன்.

"நீங்கள்லாம் செத்துப்போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். மெதுவாகப் பேசுகிறவர், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "உங்க கூட்டம் மொத்தமும். அந்த வருஷம் ஏதோ நோய் வந்து உங்களை எல்லாம் வாரிக்கிட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"இல்லீங்க, இருக்கோம்."

"இருந்தா எங்கே போனீங்க? என் பையன் செத்தான். வாசல் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அழறதுக்கு ஊரே வந்தது. வந்தவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சு உக்காந்து, என் கையைப் பிடிச்சுட்டுப் போனாங்க. ஒரு நாய்த்தலைக்காரன் வரல. என் பையனை ஒரு வார்த்தை திட்டறதுக்கு ஆள் இல்ல. பிணம் இல்லாத வீடுன்னு விட்டுட்டீங்களா? செத்தது மனுஷன் இல்லையா?"

முன்வரிசையில் இசாக்கா முகத்தை மூடிக்கொண்டான். யார் சொல்லி வராமல் போனார்கள் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

சாவு வீட்டில் கேலி முறைக்காரனுக்கு வேலை உண்டு. எல்லோரும் அழும்போது அவன்தான் செத்தவனைப் போல நடந்து காட்டி, செத்தவனைப் போல இருமி, வாங்கின கடனுக்குப் பயந்து படுத்துக்கிடக்கிறான் என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையே சிரிக்க வைக்க வேண்டும். அவன் வந்து சிரிக்காதவரை சாவு முடிந்ததாகக் கணக்கில்லை. உடல் இல்லாத சாவுக்கு அதை எங்கே நின்று செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இசாக்காவும் வேண்டாம் என்றதும், அதையே மரியாதை என்று நினைத்து விலகி நின்றுவிட்டோம்.

இனி எதற்கு யோசிப்பது? நடைபாதைக்கு வந்தேன். "செத்தவன் பேர் என்ன? பேர் தெரியாம எப்படித் திட்டறது?"

அவர் வாய் திறந்து மூடியது. பிறகு சொன்னார்.

"சைதூ."

"சைதூவா? நல்ல ஆளைப் பெத்தீங்க. இவ்வளவு கடலை இருக்கற ஊரை விட்டுட்டு எந்த பிஸாக்காரனாவது தக்காளி பறிக்கப் போவானா? தக்காளிக்குள்ள பருப்பு இருக்கும்னு எவனோ சொல்லி ஏமாத்தியிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உதட்டோரம் மட்டும் லேசாக இழுத்தது.

"பறிக்கவும் தெரியாது அவனுக்கு" என்றார். "வீட்டுல ஒரு கொத்து களை எடுத்ததில்ல."

"எப்படி நடப்பான்? காட்டுங்க. இல்லேன்னா நான் தப்பா நடந்து காட்டி, வேற எவனுக்கோ துக்கம் போயிடும்."

மூமுனி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். தோள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு, முகத்தை வானத்தில் வைத்துக்கொண்டு, தெருவையே விலைக்கு வாங்கியவன் மாதிரி குதிகாலை உதைத்து உதைத்து நடந்தார். முடிவெட்டிக்கொண்ட அன்று எல்லாப் பையன்களும் நடக்கிற நடை. வயசான மனிதரின் உடம்பில் அந்த இருபது வயசு நடை வந்து உட்கார்ந்தது. திரைவரைக்கும் போய்த் திரும்பினார்.

நான் அவர் பின்னால் அதே போல நடந்தேன். எனக்குப் பின்னால் மேலேயிருந்து கத்தினவன் இறங்கி வந்தான். மூட்டை தீரும்வரை படம் ஓடும் என்றவளும் வந்தாள். யார் யாரோ வந்தார்கள். அந்த அரங்கத்தில் அத்தனை குருன்ஸிகள் இருந்தார்கள் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் தோளை ஏற்றிக்கொண்டு சைதூவாக நடந்தோம். "சைதூ, வேலைக்குப் பயந்துதானே செத்தே, எழுந்திரு" என்று ஒருவன் கத்தினான். "சைதூ, உங்கப்பன் மூட்டையை உடைச்சு வெச்சிருக்கார், உன் பங்கை நாங்க தின்னுட்டோம்" என்றாள் அந்த மூட்டைக்காரி. பிஸாக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எங்களை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மூமுனி முதலில் குலுங்கினார். பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே, "விடுங்க ஐயா, புது உடுப்பு, கடலை எண்ணெய் பட்டா போகாது" என்றேன். "கழுதை" என்றார்.

இசாக்கா பக்கத்தில் வந்து நின்றான். தொடத் தைரியம் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணன் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டே ரெண்டு வருஷம் ஆச்சுக்கா" என்று என் காதில் சொன்னான்.

விளக்கை அணைத்து, விட்ட இடத்திலிருந்து படத்தை ஓட்டினார்கள். கடலைக் காட்சி முடிந்து மற்றவை ஓடின. மூமுனி தன் இடத்தில் போய் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியும் காலியாகவே இருந்தது. படம் முடிந்து கைதட்டியபோது அவர் தட்டவில்லை. இசாக்கா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

படம் எடுத்தவரிடம் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி மைக்கை வாங்கினார். கண் சிவந்திருந்தது. இத்தனை துயரமான இடத்தில் ஜனங்கள் ஏன் சிரித்தார்கள், நடுவில் என்ன நடந்தது, தனக்கு விளங்கவில்லை, யாராவது சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். இசாக்கா மேடையில் நின்றுகொண்டு, இது எங்கள் வழக்கம், பிஸாவுக்கும் குருன்ஸிக்கும் என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

மூமுனி எழுந்து, மைக் வைத்திருந்த விழாக்காரப் பெண்ணிடம் கையை நீட்டினார். கொடுத்தாள். அதை எப்படிப் பிடிப்பது என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கனடாக்கார அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"என் மகன் சாவுக்கு வரவேண்டியவங்க இன்னைக்குத்தான் வந்தாங்கம்மா. அவ்வளவுதான். என் தம்பி போய்க் கூட்டிட்டு வந்தான்."